பலகையின் நடுவில் ஒரு தகடு

பிப்ரவரி 8, ஞாயிறு.

காலை 9.20: வீட்டைக் காலி செய்யும் பொருட்டு, ஏணி வைத்துப் பரணில் ஏறினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டவள் மகள்.

9.35: சுருட்டிய பாய்களுக்குப் பின்னாலிருந்து இரண்டு சக்கரப் பலகை ஒன்றை இறக்கினேன். நீளம் எண்பத்தாறு சென்டிமீட்டர். நிறம் கறுப்பு. முன்சக்கரம் நல்ல நிலை. பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் மணல் அரைபடும் ஓசையோடு நான்கு சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது, பேரிங்கில் துரு.

9.40: பலகையின் நடுவே, முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிக்கும் எஃகுத் தகடு ஒன்று, மூன்று மில்லிமீட்டர் கனம், நான்கு போல்ட்டுகளால் முடுக்கப்பட்டுள்ளது. தகடு நான் பொருத்தியது. போல்ட்டுகள் நான் பொருத்தியவை. நட்டுகள் நான் பொருத்தியவை அல்ல.

என் மனைவி கன்னியம்மாள் காலமாகி இன்றோடு நாற்பத்து மூன்று நாட்கள்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு வார்ப்பாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலையில் சேர்ந்து, அதன் தலைமைப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். நாள், நேரம், அளவு, நிலை என்று எழுதியே பழகிய கைக்கு ஒரு கட்டுரையை வேறு விதமாகத் தொடங்க வரவில்லை. சொல்ல வந்தது ஒரு பிள்ளைப் பருவத்தைப் பற்றி. அது என்னுடையது அன்று, என் மகள் பவித்ராவினுடையது. அவளுடைய பதினோராம் வயதில் ஓர் ஆனி மாதம் தொடங்கி ஆயுத பூஜையோடு முடிந்துவிட்டதாக நான் நம்பிக்கொண்டிருந்த சில மாதங்களின் கதை. நேற்று வரை அந்தக் கதை எனக்கு முழுமையாகத் தெரியும் என்றுதான் இருந்தேன்.

அந்தப் பலகையைப் பார்த்திராத வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படும். நான்கு சக்கரம் வைத்த சறுக்குப் பலகையைப் பலரும் அறிவர், இது அதுவன்று. இதில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டே சக்கரங்கள், அவையும் ஆஸ்பத்திரிக் கட்டிலின் காலில் இருப்பவை போல நாலா பக்கமும் திரும்பக்கூடியவை. பலகையும் ஒரே துண்டு இல்லை; முன்னங்காலுக்கு ஒன்று, பின்னங்காலுக்கு ஒன்று என இரண்டு துண்டுகளை நடுவில் ஒரு குழாய் இணைக்கும், அந்தக் குழாய்க்குள் ஒரு முறுக்குக் கம்பி இருக்கும். ஏறி நிற்பவர் காலைத் தரையில் ஊன்றித் தள்ளுவதில்லை. இடுப்பை அசைத்து, முன்காலை ஒரு பக்கமும் பின்காலை மறுபக்கமும் மாற்றி மாற்றி அழுத்தினால் பலகை முறுகி, நெளிந்து, தானாக முன்னேறும். எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் இதைப் 'பாம்பு போர்டு' என்றார்கள்.

அந்த ஆனி மாதத்தில் குடியிருப்பில் ஐந்தாறு பிள்ளைகளிடம் பாம்பு போர்டு வந்துவிட்டிருந்தது. தொழிற்பேட்டையின் உள்சாலை தண்ணீர்த் தொட்டியிலிருந்து எங்கள் ஆலையின் வாயில் வரை ஒரே நேராகப் போகும். மற்ற நாட்களில் அங்கே லாரிப் போக்குவரத்து ஓயாது. ஆண்டில் ஒரு நாள், ஆயுத பூஜையன்று மட்டும், எல்லா ஆலைகளிலும் வேலை நின்றிருக்க, அந்தச் சாலை முழுவதும் பிள்ளைகளுக்கு வந்துவிடும். தொட்டியிலிருந்து வாயில் வரை கால் ஊன்றாமல் போவதற்கு அவர்கள் 'ஃபுல் ரோடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். பவித்ரா கேட்டது பலகையை அல்ல. "நைனா, இந்த ஆயுத பூஜைக்கு நானும் ஃபுல் ரோடு போவணும்," என்றுதான் கேட்டாள்.

நான் உடனே சம்மதிக்கவில்லை. அதற்கு என் மோவாயில் இன்றும் உள்ள தழும்பு காரணம். ஆரணிக்கு அருகில், நெல் வயல்களுக்கு நடுவே, எனக்குப் பத்து வயதானபோது நானும் ஒரு 'பேரிங் வண்டி' வைத்திருந்தேன். லாரிப் பட்டறையில் கழித்துப் போட்ட மூன்று பேரிங்குகளும் ஒரு பலகையும், முன்னால் திருப்புவதற்கு ஒரு கட்டை, அதைப் பிடித்திருக்க ஒரே ஒரு போல்ட்டு. அந்தப் போல்ட்டு லூசாகி இருப்பது தெரிந்தும், இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று ஆற்றுக் கரைச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை முன்கட்டை தனியாகப் போயிற்று. அதன் பிறகு நான் படித்த படிப்பும், பார்த்த வேலையும், ஒரு விதத்தில் லூசாக இருக்கும் பொருட்களைத் தேடிக் கண்டுபிடிப்பதாகவே அமைந்தன என்றால் அது மிகையாகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் மின்சார ரயிலில் சென்ட்ரலுக்குப் போய், அங்கிருந்து நடந்து, பெரியமேட்டில் விளையாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் இரண்டு பலகைகளை எடுத்து வைத்தார். ஒன்று பச்சை, எடை குறைவு, கையில் எடுத்தாலே நடுவில் முறுகியது. மற்றது கறுப்பு, கனம், குழாய் தடிப்பு. பவித்ரா பச்சையின் மீது வைத்த கையை எடுக்கவில்லை. நான் இரண்டின் சக்கரங்களையும் சுற்றிக் காதருகே வைத்துக் கேட்டேன், நகத்தால் கீறிப் பார்த்தேன், எரிந்த ரப்பரின் வாடை ஏதும் உள்ளதா என்று முகர்ந்தேன்.

"இன்னா சார், சக்கரத்த மோந்து பாக்கறீங்க? போர்டு சார் இது, மீன் இல்ல," என்றார் கடைக்காரர்.

"மீனா இருந்தா அவர எதுக்குப் பாக்க சொல்றேன், நானே பாத்துருப்பேன்," என்றாள் கன்னியம்மாள்.

அவள் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் மீன் பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் திருமணத்திற்கு இரு வீட்டாரும் வரவில்லை. பிறகு இரு வீட்டாரும் வந்தார்கள். அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. நான் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவன், அவள் பத்தாம் வகுப்போடு நின்றவள் என்பதை நான் ஒருபோதும் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் இயந்திரம், இரும்பு, சக்கரம் என்று பேச்சு வந்தால் கடைசி வார்த்தை என்னுடையது என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை.

அன்று கடையில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, அடுக்கு ஒன்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பச்சைப் பலகையின் மீது ஏறினாள். இடுப்பு சற்றே திரும்பியது. பலகை ஒரு சாண் முன்னே போயிற்று. கடைக்காரர் புருவத்தை உயர்த்தினார்.

"இது ஆடுனாதாங்க போவும். கெட்டியா புட்ச்சிகினா நின்னுடும்," என்றாள் என்னைப் பார்த்து.

"ஆடுற எதுவும் ஒரு நாள் கழண்டுடும்," என்றேன்.

கறுப்பை வாங்கினோம். "சரி நைனா," என்றாள் பவித்ரா. ரயிலில் அதை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு, ஒரு சக்கரத்தை மட்டும் விரலால் சுற்றியபடி வந்தாள்.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து வரும் எந்தப் பொருளும் சோதனை முடியும் வரை, மஞ்சள் அட்டை ஒன்று தொங்கவிடப்பட்டு, தனி மூலையில் நிறுத்திவைக்கப்படும். அதற்கு 'ஹோல்டு' என்று பெயர். அந்த அட்டையை அவிழ்க்க எங்கள் பிரிவின் கையெழுத்து வேண்டும். முதலாளியே வந்து கேட்டாலும் அதுவே விதி. பலகை வீட்டுக்கு வந்த மறுநாள் நான் அதன் முன்னால் ஒரு மஞ்சள் அட்டையைத் தொங்கவிட்டேன். விளையாட்டாகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள விருப்பம். உண்மையில் விளையாட்டு அதில் பாதிதான். கறுப்புப் பலகையும் நடுவில் முறுகவே செய்தது. மூன்று நாள் பலகை மஞ்சள் அட்டையோடு கூடத்து மூலையில் நின்றது; பவித்ரா அதன் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். நான்காம் நாள் அதை ஆலைக்கு எடுத்துப்போய், பராமரிப்புப் பிரிவில் ஒரு தகட்டை வெட்டி, இரு பாதிகளையும் சேர்த்து நான்கு போல்ட்டுப் போட்டு முடுக்கச் செய்தேன். துளையிட்ட ஃபிட்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; நான் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தேன்; அதிகாரி சொன்னபடி செய்வது வழக்கம், செய்தார். நட்டுகள் கழன்றுவிடாமலிருக்க, உள்ளே நைலான் வளையம் வைத்த 'லாக் நட்டு' நான்கை நானே எடுத்துப் போட்டேன். அன்று மாலை மஞ்சள் அட்டையை அவிழ்த்து, கையெழுத்திட்டு, மகளிடம் பலகையைக் கொடுத்தேன்.

முறுகினால்தான் ஓடும் ஒரு பொருளை முறுகாதபடி செய்து கொடுத்திருக்கிறேன் என்பது, உலோகங்களின் முறுக்கு வலிமையைப் பற்றியே ஓர் ஆய்வேடு எழுதிய எனக்கு, அன்று உறைக்கவில்லை. அது இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

வார நாட்களில் நான் காலை ஏழே முக்காலுக்கு ஆலைக்குக் கிளம்பி, மாலை ஐந்து மணிச் 'சங்கு' ஊதிய பிறகு திரும்புவேன். ஞாயிறு காலை, பால்கனியில் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் பலகையைக் கவிழ்த்து வைத்துச் சோதிப்பேன். முதல் ஞாயிறே நான்கு நட்டுகளும் லூசாக இருந்தன. சக்கரத்தின் அதிர்வு என்று குறித்துக்கொண்டு, புது லாக் நட்டுகள் போட்டேன். அடுத்த ஞாயிறும் லூசாக இருந்தன. ஸ்பிரிங் வாஷர் சேர்த்தேன். மூன்றாம் ஞாயிறு, நீளமான ஸ்பானரை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கும்போது, கன்னியம்மாள் காப்பி டம்ளரோடு வந்து நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னும் எவ்ளோதான் இறுக்குவீங்க?"

"லூசு நிக்கிற வரைக்கும்."

"பாவம் அது," என்றுவிட்டு உள்ளே போனாள். நட்டைத்தான் சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த ஞாயிறுகளில் பவித்ரா என் முன்னால் பலகையில் ஏறுவாள், ஒரு காலால் தள்ளுவாள், சக்கரம் பக்கவாட்டில் திரும்பும், இறங்குவாள். முகத்தில் எரிச்சல் இருக்காது. பிள்ளைக்குப் பொறுமை அதிகம் என்று நினைத்தேன். குடியிருப்பின் வாயில்காவலர் ஆறுமுகம் ஒரு நாள் எனக்கு வணக்கம் வைத்தபடி, "பாப்பா சூப்பரா வருது சார்," என்றார். காலாண்டுத் தேர்வு முடிந்திருந்த சமயம், நன்றி சொன்னேன்.

ஆயுத பூஜை வந்தது. ஆண்டுதோறும் பூஜை நாள் காலையில் ஆலைக்குப் போய், இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாயிலில் பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு நண்பகலில் திரும்புவது என் வழக்கம். அந்த ஆண்டு உலைக்குப் பெரிய பழுதுபார்ப்பு வேலை இருந்ததால் பூஜையை முந்தின நாள் மாலையே முடித்துவிட்டார்கள். ஆகவே பூஜை நாள் காலையில் நான் வீட்டில் இருந்தேன். மகளோடு இருக்கக் கிடைத்த நாள் என்று, சொல்லாவிட்டாலும், உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

கன்னியம்மாள் மகிழவில்லை. "இன்னிக்கி கம்பெனிக்குப் போவலியா?" என்று எட்டு மணிக்குக் கேட்டாள். நேற்றே முடிந்தது என்றேன். "சும்மானா ஒரு தபா போயி எட்டிப் பாத்துட்டு வாங்களேன், பூஜ நாளும் அதுவுமா," என்றாள் எட்டரைக்கு. அவளுக்குப் பக்தி கூடிவிட்டதாக நினைத்தேன். என் ஸ்கூட்டரையும் பவித்ராவின் பலகையையும் கழுவித் துடைத்து, தகட்டின் நடுவில் மூன்று விரலால் சந்தனம் இட்டு, அதன் மேல் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினேன். ஒன்பது மணிக்குக் கடைசி முயற்சியாக, "பூஜ போட்டத இன்னிக்கி எடுக்கக் கூடாதுங்க, நாளைக்கு எடுத்துக்கலாம்," என்றாள்.

"அது புத்தகத்துக்கும் ஆயுதத்துக்கும். வண்டியை எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி எடுக்கணும்," என்றேன். சாஸ்திரத்திலும் கடைசி வார்த்தை என்னுடையதாயிற்று.

பத்து மணிக்குத் தண்ணீர்த் தொட்டியருகே ஏழெட்டுப் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். பலகையை நான் பிடித்துக்கொள்ள, முன்சக்கரத்தின் கீழ் ஒரு பழமும் பின்சக்கரத்தின் கீழ் ஒரு பழமும் வைத்தோம். கன்னியம்மாள் பொரித் தட்டை இரு கைகளாலும் பிடித்தபடி சற்றுத் தள்ளி நின்றாள். பவித்ராவின் வயதுள்ள ஒரு பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாடி பவி, இன்னிக்கி போர்டுக்கு மாவுக்கட்டு போட்டுகினு வந்துகீற?"

"சும்மா இருடி," என்றாள் பவித்ரா. மற்றப் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

'இன்னிக்கி' என்ற சொல்லை நான் கேட்டேன். நன்றாகவே கேட்டேன். ஒரு பொருளின் ஓசை மாறினாலே நிறுத்திச் சோதிக்கும் நான், அந்தச் சொல்லை அப்படியே போக விட்டேன்.

அவள் ஏறிக் காலால் தள்ளினாள். முன்சக்கரம் பழத்தை நசுக்காமல் வழுக்கித் திரும்பியது. விழுந்தாள். நான்கு முறை முயன்றாள், நான் எண்ணினேன், அதிகம் போனது மூன்றடி. நான்காம் முறை முழங்கை சிராய்த்து இரத்தம் வந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, தன் தாயைப் பார்த்தாள். கன்னியம்மாள் தலையை மிக மெல்ல அசைத்தாள். போதும் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லாப் பிள்ளைகளும் கேட்க, கடுமையில்லாமல், நிதானமாகச் சொன்னேன்: "பவித்ரா, இது உனக்கு வராதும்மா. பேலன்ஸ் எல்லாருக்கும் அமையாது. விட்டுடு."

பிள்ளைகள் ஒருவரும் பேசவில்லை. அந்த மௌனத்தை மரியாதை என்று எண்ணினேன்.

அன்று பிற்பகலே பலகையைப் பரணில் போட்டேன். கன்னியம்மாள் "வோணாங்க" என்று ஒரு முறை சொன்னாள், மறுமுறை சொல்லவில்லை. என் தீர்ப்பு அதோடு நிற்கவும் இல்லை. கல்லூரிக்குப் போகும்போது பவித்ரா ஸ்கூட்டர் கேட்டாள். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே பேலன்ஸ் போதாது என்று காரணம் காட்டி மறுத்தேன். அவள் வாதாடவில்லை. இப்போது திருவள்ளூர் நீதிமன்றத்தில் வாதாடுவதையே தொழிலாக வைத்திருப்பவள், அன்று "சரி நைனா" என்று சொல்லிவிட்டு, ஐந்தாண்டுகள் பேருந்திலும் ரயிலிலும் போய்வந்தாள்.

இனி, இன்று காலை 9.40.

பலகையைக் கூடத்துத் தரையில் கவிழ்த்து வைத்துக் குனிந்தேன். நான்கு போல்ட்டுகளிலும் 'விங் நட்டு' இருந்தது. இரண்டு காது வைத்த, ஸ்பானர் இல்லாமல் விரலாலேயே திருகிக் கழற்றக்கூடிய நட்டு. அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டிய இடத்தில் மட்டுமே அதைப் போடுவார்கள்.

"இதை யார் மாத்தினது?" என்றேன்.

பவித்ரா குனிந்து பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு கையால் வாயை மூடிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா," என்றாள்.

"எப்போ?"

"நீங்க பரண்ல போட்ட அடுத்த வாரம். அதுக்கு முன்னாடி உங்க டூல் பாக்ஸ்ல இருந்து ஸ்பானர் எடுத்துதான் கழட்டுவோம். நீங்க காலைல கெளம்புனதும் தகட்டக் கழட்டிட்டு, சாயங்காலம் சங்கு ஊதுனதும் திரும்ப மாட்டிடுவோம். டெய்லி."

"நட்டு லூசா இருந்தது..."

"நாங்க ஒழுங்கா முடுக்கலன்னு அம்மா என்னத் திட்டுவாங்க. நீங்க புதுசு புதுசா போட்டு இறுக்குனீங்களா, எங்களுக்கு அத்தக் கழட்டறதுக்குள்ள நாக்கு தள்ளிடும். ஸ்பிரிங் வேற வெச்சீங்க. கை பூரா கொப்புளம். பரண்ல போட்டதுதான் நல்லதாப் போச்சு, இனிமே செக் பண்ண மாட்டாருன்னு சொல்லிட்டு இந்த நட்டு வாங்கினு வந்தாங்க."

"அப்ப நீ ஓட்டியிருக்கே."

"நானா? மொதல்ல ஓட்டுனதே அம்மாதான் நைனா. ஏறி நின்னாங்க, அப்டியே போய்க்கினே கீறாங்க. போட்ல நின்னு கழி ஊன்றா மாதிரிதான்டி கீதுன்னாங்க. நான் வுழுந்து வுழுந்து ஏந்திரிக்கறேன், எனக்கு டர்னே கெடைக்காது. என் போர்டு! குடும்மா குடும்மான்னு பின்னாடியே ஓடுவேன். இன்னும் ஒரே ஒரு ரவுண்டுடின்னு போயிடுவாங்க."

கன்னியம்மாள் சிறுமியாக இருந்தபோது, ஏரியில் இருக்கும் அண்ணன்களுக்குச் சோறு கொண்டுபோக, ஆழமில்லாத தண்ணீரில் படகின் பின்முனையில் நின்று மூங்கில் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போவாள் என்பது எனக்குத் தெரியும். ஒரு முறை சொல்லியிருக்கிறாள். அதை வறுமையின் கதையாகக் கேட்டுக்கொண்டேன்.

"அன்னைக்கு, ஆயுத பூஜையன்னைக்கு, ஏன் சொல்லலை?"

பவித்ரா தகட்டின் மீது விரலை ஓட்டினாள். அதில் சந்தனம் இட்ட இடம் இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது.

"சொல்லிடலாம்னுதான் அம்மாவப் பாத்தேன். அவங்க வேணான்னாங்க. நீங்க ஒவ்வொரு சண்டேவும் பேப்பர் விரிச்சிப் போட்டு ஒக்காந்து, அவ்ளோ ஆசையா இறுக்கினு இருப்பீங்க. அத்தப் போயி எப்டி சொல்றது?"

"அதுக்கப்புறமும் சொல்லலை."

"நீங்க ரிடையர் ஆவற அன்னிக்கி சொல்றேன்னாங்க. அன்னிக்கிப் பாத்தா உங்களுக்கு மால போட்டு, ஜீப்புல ஏத்திகினு வந்து ஊட்டு வாசல்ல வுட்டாங்க. இன்னிக்கி வோணாம்டி, பாவம்னுட்டாங்க. அதுக்கப்புறம் உடம்புக்கு வந்துச்சு."

கேட்க வேண்டிய ஒன்று மிச்சமிருந்தது. அதைக் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"அடுத்த வருஷம் நான் ஃபுல் ரோடு போய்ட்டேன் நைனா. நீங்க கம்பெனி பூஜைல இருந்தீங்க. தொட்டியாண்ட ஏறுனேன், கேட்டாண்ட வந்துதான் கால ஊனுனேன். எனக்கப்புறம் அம்மா போனாங்க. பொடவைய இஸ்து சொருவிகினு. பசங்கல்லாம் கை தட்டுனாங்க."

அந்த ஆண்டு பூஜையில் நான் நின்ற இடம் எனக்கு நினைவிருக்கிறது. வாயிலின் உட்புறம், பூசணிக்காய் உடைக்கும் இடத்திற்கு வலப்புறம், மதிலை ஒட்டி. மதிலுக்கு வெளியே கைதட்டலும் கூச்சலும் கேட்டன. காவலுக்கு நின்றவரிடம் என்ன சத்தம் என்று கேட்டேன். "பசங்க சார், இன்னா, வெளாடுதுங்க," என்றார். சரி என்றேன். மதில் ஏழடி உயரம். எட்டிப் பார்த்திருக்க முடியாது. நான்கு எட்டில் வாயில் இருந்தது. அது திறந்தேதான் இருந்தது.

10.05: பவித்ரா விங் நட்டுகளை விரலால் கழற்றினாள். நான்கும் கழல அரை நிமிடம் ஆகவில்லை. தகட்டை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். சாமான்கள் ஏற்கெனவே கட்டிவைக்கப்பட்டுக் கூடம் காலியாக இருந்தது. துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, வாசல் நிலையைப் பிடித்து ஏறினாள். பின்சக்கரம் அரைபட்டது. இடுப்பு திரும்பியது, பலகை முறுகியது, நெளிந்து, நின்று, மீண்டும் நெளிந்து, கூடத்தின் நீளம் முழுவதும் போய், அடுக்களை வாசலில் நிலைக்காலைப் பிடித்து நின்றாள். பதினெட்டு அடி. கால் ஊன்றவில்லை. பேலன்ஸில் குறை எதுவும் தென்படவில்லை.

"துரு புட்ச்சிகீது," என்றாள், திரும்பாமல்.

பிறகு இருவரும் மற்றப் பெட்டிகளைக் கட்டினோம்.

மாலையில் அந்தச் சாலை வரை நடந்துபோய் வந்தேன். தண்ணீர்த் தொட்டியை இடித்துவிட்டார்கள். எளாவூர்ச் சோதனைச் சாவடிக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரு பக்கமும் வரிசையாக நிற்கின்றன. இப்போதெல்லாம் ஆயுத பூஜையன்றும் அவை எடுக்கப்படுவதில்லை, பூஜையை அங்கேயே நின்றபடி செய்துகொள்கின்றன. எங்கள் ஆலையின் மதிலை உயர்த்திவிட்டார்கள். தொட்டி இருந்த இடத்திலிருந்து வாயில் வரை எட்டு வைத்து அளந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. அவ்வளவு தூரமும் கன்னியம்மாள் நின்றபடியே போயிருக்கிறாள்.

இந்த வாரம் முடிக்க நினைத்து முடியாமல் நிற்கும் வேலைகள்:

குடும்ப அட்டையிலிருந்து பெயர் நீக்கம். படிவம் பூர்த்தி செய்யப்பட்டுள்ளது, கொடுக்கப்படவில்லை.

பலகையின் பின்சக்கரத்துக்குப் புது பேரிங்.

தகட்டைப் பழைய இரும்புக்குப் போடுவது. சந்தனக் கறை உள்ளதால் யோசனை.

பவித்ராவிடம் ஸ்கூட்டர் விஷயமாக ஒரு வார்த்தை.

பழவேற்காட்டில் மைத்துனரிடம் சொல்லி ஒரு நாள் படகில் போவது. கன்னியம்மாள் மூன்று முறை அழைத்தாள்.

விங் நட்டு நான்கையும் அவள் எந்தக் கடையில், என்ன சொல்லிக் கேட்டு வாங்கினாள் என்று தெரிந்துகொள்வது. மகளுக்குத் தெரியவில்லை.